வாடகைக் காரும் அதன் வாய்ச்சவடால் திரையும்

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எடுத்த வாடகைக் காரின் இன்ஜினையோ பிரேக்கையோ குறை சொல்ல முடியாது. என் கோபமெல்லாம் டேஷ்போர்டின் நடுவே இருந்த தொடுதிரையின் மேல்தான். வண்டியைக் கொண்டுவந்த இளைஞர், "ஆண்ட்ராய்ட் ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இரண்டுமே ஒயர் இல்லாமல் வேலை செய்யும் சார்" என்று சாவியைத் தந்துவிட்டுப் போய்விட்டார். கைப்பேசியின் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரையில் கொண்டுவரும் வசதிகள் இவை.

கைப்பேசியை இணைக்கப் போனால், பட்டியல் நிரம்பிவிட்டது, ஒன்றை நீக்கவும் என்றது திரை. இதற்குமுன் காரை எடுத்தவர்களின் கைப்பேசிகள் வரிசையாக நின்றன. கூடவே யாரோ ஒருவரின் தொடர்பு எண்களும்: 'அம்மா', 'மாமா வீடு', 'பள்ளி வேன்'. பம்பரில் உள்ள கீறலையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொள்கிற நிறுவனத்துக்கு இதை அழிக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் நானே அழித்தேன்.

பிறகு இணைப்பு கிடைத்தது, வரைபடம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இது. கம்பியில்லா இணைப்பில் புளூடூத் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி; படமும் ஒலியும் போவது வைஃபை வழியாக. அந்த வைஃபையில் இணையம் கிடையாது, அதைக் கைப்பேசியின் சிம்தான் தர வேண்டும். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து நாம் டேட்டாவை அணைத்து வைத்திருப்போம். உள்ளூர் சிம் போட்ட இன்னொரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேரலாம் என்றால், வைஃபையை ஏற்கெனவே கார் பிடித்துக்கொண்டிருக்கிறது. வழி இரண்டுதான்: வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது (போக்குவரத்து நெரிசல் தெரியாது), அல்லது ஒயரில் இணைத்து வைஃபையை விடுவிப்பது.

ஒயரிலும் ஒரு கூத்து. முன்னால் இருந்த இரண்டு யுஎஸ்பி துளைகளில் ஒன்று சார்ஜ் ஏற்ற மட்டும். காரோடு தந்த கேபிளும் அப்படித்தான். மின்சாரம் போகும், தரவு போகாது. என் கேபிளை மற்றொரு துளையில் செருகியதும் எல்லாம் உயிர்பெற்றன. காரிலேயே பதிந்திருந்த வரைபடமோ இன்னும் பழைய காலத்தில் இருந்தது. புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன், திரையில் கார் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏசியின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வரைபடத்தை மூடி, காரின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அங்கே ஒரு சின்னப் படத்தைத் தொட வேண்டும். அதுவும் திருப்பம் வரும் நேரத்தில். ரிவர்ஸ் போட்டால் கேமரா திரையை எடுத்துக்கொள்ளும், அது சரி. முன் கியருக்கு மாறிய பிறகும் அது உடனே விலகாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிய வேண்டிய சந்தியில் என் பின்பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கார்பிளே 2014இல் அறிமுகமானது. இத்தனை ஆண்டுகளில் திரை அகலமானதுதான் மிச்சம். 2026 முதல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீடு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் திரைக்கு வெளியே கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது. ஏசியையும் அதில் சேர்த்திருக்கலாம்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்ரோல் அளவு, டயர், கீறல் எல்லாம் பார்த்தார்கள். திரையை யாரும் தொடவில்லை. அடுத்த முறை பணம் கட்டுவதற்குமுன் நான் கேட்கப்போவது இரண்டு: தரவு போகும் துளை எது, ஏசிக்குத் திருகும் குமிழ் உண்டா?