ஏ.ஓ.பி.ஏ.வின் ரன்வே பாதுகாப்பு அட்டைகள்: இலவசம்தான், ஆனால் கலரில் அச்சடியுங்கள்

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு மேலே பறப்பதைச் சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. தரையில் எப்படிப் போவது என்பதற்கு உருப்படியாக ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், அமெரிக்காவில் விமான உரிமையாளர்கள், விமானிகளின் சங்கமான ஏ.ஓ.பி.ஏ. இலவசமாகத் தரும் ரன்வே பாதுகாப்பு அட்டைகளைத்தான் சொல்வேன். இறக்கி, அச்சடித்து, வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் படம், மறுபக்கம் விளக்கம்.

தயவுசெய்து கறுப்பு வெள்ளையில் அச்சடிக்காதீர்கள், இதில் நிறம்தான் பாடமே. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது நிற்கும் டாக்சிவே, அதாவது ரன்வேக்குப் போய்வரும் பாதை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் என்றால் போகும் வழி. சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் எதிரே ரன்வே, கட்டுப்பாட்டு டவர் இருக்கும் இடத்தில் அங்கிருப்பவர்கள் சொல்லாமல் தாண்டவே கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சிவப்புப் பலகைதான். 15-33 என்று எழுதியிருந்தால் அது எதிரே இருக்கும் ரன்வேயின் பெயர் மட்டும் இல்லை, 15 தொடங்கும் முனை உங்களுக்கு இடதுபக்கம், 33 தொடங்கும் முனை வலதுபக்கம் என்ற தகவலும் அந்த வரிசையிலேயே இருக்கிறது. அப்புறம் ரன்வேக்கு முன்னால் தரையில் குறுக்கே போகும் நான்கு மஞ்சள் கோடுகள், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்டது. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி வரும்வரை நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ரன்வேயை விட்டு வெளியே வருகிறீர்கள், வால் உட்பட முழு விமானமும் கோட்டைத் தாண்டினால்தான் ரன்வேயை விட்டு வந்ததாகக் கணக்கு.

குறையும் இருக்கிறது. அட்டையில் ஒரு பலகையைத்தான் தனியாகப் பார்க்கிறோம், நிஜத்தில் ஒரு சந்திப்பில் நாலைந்து எழுத்துகள் வரிசையாக நிற்கும், காதில் ரேடியோ ஓடும், வெளியே இருட்டாகவோ மழையாகவோ இருக்கும். இதை அட்டை சொல்லித்தராது. அதனால் அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. இலவசமாகத் தரும் விமான நிலைய வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து, வழக்கமாகக் குழப்பம் வரும் இடங்கள் என்று அதில் குறித்திருப்பவற்றைப் பார்த்து, அங்கே எந்தப் பலகை வரும் என்று அட்டைகளை எடுத்து வைத்துப் பழகுங்கள்.

2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டன் விமான நிலையத்தில் நடந்ததை நினைத்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். கொமைர் நிறுவன விமானத்துக்குக் கொடுத்தது ரன்வே 22, விடியுமுன் இருட்டில் அது புறப்பட்டது விளக்கில்லாத, பாதி நீளமே இருந்த ரன்வே 26-இல். 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். இருந்த அடையாளங்களை வைத்து விமானிகள் தாங்கள் நிற்கும் இடத்தை உறுதிசெய்துகொள்ளவில்லை என்றுதான் விசாரணை முடிந்தது. கட்டுமான வேலையால் டாக்சிவே மாறியிருந்ததும் அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் இல்லை. ஆகவே வரைபடத்தோடு விமானிகளுக்கு வரும் அன்றைய அறிவிப்பான நோட்டாமையும் (NOTAM) சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் பழகுகிறவர்களுக்கும் அட்டைகள் உதவும், இந்த நிறங்கள் சர்வதேச விமான அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதியிலும் இவையேதான். தேர்வுக்கு மட்டும் இந்திய விமானத் துறை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் பாடத்திட்டத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.