எட்டு வருடத்தில் மூன்று வெல்டிங் மெஷின்கள்

2017-ல் எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் கீல் விட்டுப்போனது. பட்டறைக்கு மூன்று தடவை நடந்தும் ஆள் வரவில்லை. சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் (கையில் தூக்கிப் போகிற சின்ன வெல்டிங் மெஷின்) ஒன்று வாங்கினேன். இப்போது கொட்டகையில் மூன்று மெஷின் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் ராடு, அதாவது உருகி இரும்பை ஒட்டவைக்கிற வெல்டிங் குச்சி, இரும்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் வந்து பார்த்தார். "வெளிச்சத்தப் பாக்காத தம்பி. அதுக்குப் பின்னாடி உருகி நிக்குது பாரு குளம், அதப் பாரு. சத்தம் அப்பளம் பொரியிற மாதிரி சீரா வரணும்" என்றார். 2.5 மி.மீ. ராடு, 75 ஆம்பியர், ராடின் தடிமன் அளவுக்குத்தான் இடைவெளி. அன்று சாயங்காலம் ஒரு கோடு போட்டு ஆறவிட்டபோது, மேலே படிகிற கசடு, அதாவது ஸ்லாக், சுத்தியால் தட்டாமலே சுருண்டு கழன்றது. அடியில் மீன் செதில் மாதிரி வரி வரியாக இரும்பு. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்பே கீலில் நான் வைத்திருந்த வெல்டிங் பற்று ஆறு மாதத்தில் விட்டுவிட்டது. உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஸ்லாக் சிக்கியிருந்தது. மேலே பளபளப்பாக இருந்ததை நம்பியிருந்தேன். முழுக்கக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இன்றுவரை அசையவில்லை.

இன்வெர்ட்டருக்கு எமன் தூசிதான். கிரைண்டர் தூளை ஃபேன் உள்ளே இழுத்து, மூன்றாம் வருடம் போர்டு ஷார்ட் ஆனது. அப்புறம் மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுகிறேன், கிரைண்டரைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இரண்டாவது, மூடப்போன பட்டறையில் வாங்கிய, எண்ணெயில் குளிர்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷின். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இரண்டு பேஸ் லைனில் ஓடும், தருவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. ராடு வகைகளில் 6013 அதைச் சமாளித்துவிடும், 7018 என்ற வகை இந்த மெஷினில் அணைந்து அணைந்து போகும். அதே 7018, ஒரே திசையில் ஓடும் டி.சி. தருகிற இன்வெர்ட்டரில், ராடைப் பிடிக்கிற ஹோல்டரை பிளஸில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் நாள் முழுக்க 3.15 ராடு எரிக்கிற வேலைக்கு நான் பெரியவரை, அந்த டிரான்ஸ்ஃபார்மரைத்தான் இழுப்பேன்.

ஒரு மி.மீ. தகட்டை ராடு ஓட்டை போட்டுவிடுவதால், ராடுக்குப் பதில் சுருள் கம்பியில் ஓடும், கேஸ் இல்லாத மிக் மெஷினும் வந்தது. இரண்டு மாதம் ஒரே தெறிப்பு. கேஸ் இல்லாத கம்பிக்கு, கம்பி வெளிவரும் கைப்பிடியான டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். என்னுடையது பிளஸில் இருந்தது. மாற்றி மாட்டியதும் அடங்கிவிட்டது.

புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு இன்வெர்ட்டரோடு தொடங்குங்கள். மிச்சக் காசை, தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டுக்கும் தோல் கையுறைக்கும் ஒதுக்குங்கள். ஒரே ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் நாலு இடத்தில் டேக், அதாவது சின்னச் சின்னப் புள்ளிப் பற்று வைத்தேன். ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல இருந்தது, விடியும்வரை தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போனேன்.