டெயில் லைட், மஞ்ச வெஸ்ட், கணுக்கால் பட்டை: ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்கு வர்ற ஆளு நான். ஆன்லைன்ல ஒரு செட் வாங்கினேன், பின்னாடி மாட்டுற சிவப்பு லைட் ஒண்ணு, சட்டைக்கு மேல போடுற கையில்லாத மஞ்ச வெஸ்ட் ஒண்ணு, கணுக்கால்ல சுத்துற பளபளா பட்டை ரெண்டு. காசு குடுத்தது லைட்டுக்காகத்தான், பட்டைய ஏதோ ஓசில வந்ததுன்னு டிராயர்ல தூக்கிப் போட்டுட்டேன்.

ஒருநாள் ராத்திரி தெருவிளக்கு இல்லாத காலி ரோட்டுல தம்பிய சைக்கிள்ல அனுப்பிட்டு நான் கார்ல டிம் லைட் போட்டுட்டு பின்னாடியே போனேன். முதல்ல வெஸ்ட் மட்டும். பகல்ல கண்ண குத்துற அந்த மஞ்சத் துணி இருட்டுல வெறும் வெளுத்த துணிதாங்க. ஃப்ளோரசென்ட் கலர் வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர வாங்கித்தான் அப்படி ஜொலிக்குது, கார் ஹெட்லைட்டுல அது கிட்டத்தட்ட கிடையாது. ராத்திரி வேல செய்யுறது வெஸ்ட்டுல ஓடுற வெள்ளிக் கோடு மட்டும்தான், அது வர்ற வெளிச்சத்த வந்த பக்கமே திருப்பி அனுப்புது. அந்தக் கோட்டு மேல நான் தினமும் பேக்க மாட்டிக்கிட்டுத்தான் இத்தன நாளா போயிருக்கேன், என்னத்த சொல்ல.

அப்புறம் பட்டைய கட்டிக்கிட்டு மிதிக்கச் சொன்னேன். யப்பா! ரெண்டு புள்ளி மாறி மாறி மேல கீழ போகுது, பாத்த உடனே யாரோ சைக்கிள் மிதிக்கிறாங்கன்னு மண்டைல ஏறிடுது. அசையாத சிவப்புப் புள்ளின்னா அது கம்பமா, நிக்குற வண்டியா, தூரத்துல போற பைக்கான்னு ஒரு செகண்ட் யோசிக்கணும், 60 கிமீ வேகத்துல அந்த ஒரு செகண்டுல கார் 16 மீட்டருக்கு மேல ஓடிரும். புது சைக்கிள் பெடல்ல ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் வருதுல்ல, அதுவும் இதே சங்கதிதான். அழகா இல்லன்னு கழட்டிப் போட்டவங்க தேடி எடுத்து மாட்டிருங்க.

இப்போ லைட்டு. பெட்டில 20 மணி நேரம்னு பெருசா போட்டிருக்கான், அது ரொம்ப மங்கலா மினுக்குற மோடுக்கு. நிலையா எரியவிட்டா மூணரை மணி நேரத்துல படுத்துரும். இன்னொரு மோடு இருக்கு பாருங்க, டிஸ்கோ மாதிரி வெட்டி வெட்டி அடிக்குது. ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்து எண்ணிப் பாத்தேன், செகண்டுக்கு 7 தடவ. பிரிட்டன்ல 2005லருந்து மினுக்குற லைட்டுக்கு அனுமதி உண்டு, ஆனா நிமிஷத்துக்கு 60லருந்து 240 தடவதான், இது 420. ஜெர்மனில மினுக்குற லைட்டே கூடாது. முன்னெல்லாம் இது என்ன ஓவர் கெடுபிடின்னு நெனப்பேன், கார்ல உக்காந்து பாத்தப்புறம் அவங்க சொல்றதும் சரிதானோன்னு தோணுச்சு, ஏன்னா மினுக்குனா கவனம் அங்க போகுது சரி, ஆனா எவ்வளவு தூரத்துல இருக்கான், கிட்ட வர்றோமா இல்லையாங்கிறது பிடிபடவே மாட்டேங்குது. நான் இப்போ நிலையாத்தான் எரியவிடுறேன், தினமும் சார்ஜ் போடுற தொல்லை பரவால்ல.

1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துல சைக்கிளுக்கு கேக்குறது ரொம்பக் கம்மி: பிரேக், பெல், பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னாடி வெள்ள இல்லன்னா மஞ்ச லைட், பின்னாடி சிவப்பு லைட். பெல்ல தவிர வேற ஹாரன் கூடாதுன்னும் இருக்கு, பாம் பாம்னு அடிக்கிற நம்ம ஆளுங்க கவனிக்க.

வெஸ்ட்ட ரொம்பத் திட்டிட்டேன், பகல்ல ஓட்டுறவங்க தாராளமா வாங்கலாம். டென்மார்க்குல 6,793 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு மட்டும் மஞ்ச ஜாக்கெட் குடுத்துப் பாத்ததுல, அடுத்தவங்களோட மோதி காயம்படுற விபத்து அவங்களுக்கு 47 சதவீதம் கம்மி. விபத்த அவங்கவங்களே சொன்ன கணக்கு அது, ஜாக்கெட் போட்டவங்க கம்மியா சொல்லிருக்கலாம்ங்கிற சாய்வ கழிச்சாலும் 38 சதவீதம் வருது.

குறைனா, லைட்ட சீட்டுக்கு கீழ கட்டுற ரப்பர் மூணாவது வாரமே இளகிருச்சு. குண்டு குழில ஏறினா லைட் தொங்கி டயரப் பாக்குது, பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. பழைய டியூப வெட்டி இறுக்கிக் கட்டி வச்சிருக்கேன். பிரேக் பிடிச்சா தானா பிரகாசமாகும்னு சொல்ற சென்சார், நான் பிரேக்கே தொடாதப்பவும் ஒவ்வொரு குழிக்கும் எரியுது. மழைல மட்டும் குறை சொல்ல முடியாது, ஐபிஎக்ஸ்4தான், அதாவது தண்ணி தெறிச்சா தாங்குற அளவுதான், ஆனா நாலஞ்சு தடவ நல்லா நனைஞ்சும் ஒண்ணும் ஆகல, சார்ஜ் போடுற ஓட்டை மூடிய அழுத்தி மூடினா போதும்.

லைட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டரை, வெஸ்ட்டுக்கு மூணு. பட்டைக்கு அஞ்சும் குடுத்துர்றேன். அன்னிக்கு டெஸ்ட்டுக்கு கட்டின தம்பி இன்னும் திருப்பித் தரல, எனக்கு வேற ஒரு ஜோடி ஆர்டர் போட்டாச்சு.