பழைய சிலபஸை எங்கே வைப்பது: அலமாரியா, மூடுலா, டிஸ்பேஸா?

படித்து முடித்துப் பத்து வருடம் கழித்து ஒருவர் தன் கல்லூரிக்கு வருகிறார். மேற்படிப்புக்கோ தொழில் உரிமத்துக்கோ, தான் படித்த ஆண்டின் சிலபஸ் வேண்டும் என்கிறார். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயரும் கிரெடிட்டும் இருக்கும். என்ன நடத்தினார்கள் என்பது இருக்காது. இன்றைய சிலபஸை எடுத்துக் கொடுத்தால் செல்லாது. இவரை வெறுங்கையோடு அனுப்பாத முறை எது? என் அளவுகோல் இதுதான்.

துறை அலுவலக அலமாரியைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் தேதியும் கையெழுத்தும் போட்ட தாள் பாஸ்வேர்டு கேட்காது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தாலும் படிக்கலாம். என்ன, எது எந்தக் கட்டில் இருக்கிறது என்பது ஒரே ஒரு எழுத்தருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வு பெற்றால் போச்சு.

மூடுல், கேன்வாஸ் போன்ற கற்றல் தளங்களில் ஆசிரியர்கள் எப்படியும் சிலபஸை ஏற்றிவிடுவார்கள். அது பெரிய பலம். ஆனால் அவை வகுப்பு நடத்த வந்தவை, காப்பதற்கு அல்ல. போன செமஸ்டர் பக்கத்தை நகலெடுத்துத் திருத்துவார்கள். சர்வரில் இடம் வேண்டுமென்று பழையதை அழிப்பார்கள். மிஞ்சியதும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்: தேர்வுத் தேதி காலண்டரில், மதிப்பெண் பங்கீடு வேறு பக்கத்தில். ‘வாசிப்புப் பட்டியல் இங்கே’ என்பதைத் தட்டினால் லாகின் பக்கம் வந்து நிற்கும்.

பொது இணையதளத்தில் போடுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2009இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இளநிலைப் பாடங்களின் சிலபஸை முகப்பிலிருந்து மூன்று கிளிக்குக்குள், லாகின் இல்லாமல் கிடைக்கும்படி வைக்க வேண்டும். குறைந்தது 2 ஆண்டு விட்டுவைக்க வேண்டும். பாடம் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு அருமையான ஏற்பாடு. பத்து வருடம் கழித்து வருபவருக்கு அந்த 2 ஆண்டு எந்த மூலைக்கு?

அப்புறம் நிறுவனக் களஞ்சியம்: பல்கலைக்கழகம் தன் ஆவணங்களை நீண்ட காலம் காத்துவைக்கும் டிஜிட்டல் கிடங்கு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி கணினி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற மென்பொருள் இந்த வகை. அதில் சேர்க்கும் ஒவ்வொரு பதிவுக்கும் நிரந்தர முகவரி உண்டு. சர்வர் மாறினாலும் அதைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடலாம். ‘என் சிலபஸ் என் உழைப்பு’ என்று தயங்கும் ஆசிரியர் இருந்தால், வெளியார் பார்க்காமல் பூட்டியும் வைக்கலாம். ஆனால் யார் கொண்டுவந்து போடுவது? மின்னஞ்சலில் நினைவூட்டினால் பாதிப் பேர் அனுப்புவதில்லை. வருவதிலும் ‘ஃபைனல் நியூ 2’ என்று பெயர் இருக்கும்; பாடக் குறியீடு, செமஸ்டர், பிரிவு எதுவும் இருக்காது. ஒரே பாடத்தை மூன்று பேர் மூன்று விதமாக நடத்தியிருந்தால் இது யாருடையது?

என் ஓட்டு களஞ்சியத்துக்கே, ஆனால் ஆசிரியரை நம்பி அல்ல. கற்றல் தளத்திலிருந்து கோப்பைத் தானாக இழுத்து, குறியீட்டையும் பிரிவையும் பதிவாளர் அலுவலகத் தரவிலிருந்து ஒட்டிவிட வேண்டும். சரி, எப்போது இழுப்பது? மதிப்பெண் தகராறு வந்தால் முதல் நாள் கொடுத்த பிரதிதான் பேசும். உரிமம் கேட்டு வருபவருக்கோ கடைசியில் உண்மையாக நடத்தி முடித்தது தேவை. இரண்டு தடவையும் இழுக்கலாம். பத்துப் பக்கப் பிடிஎஃப் எவ்வளவு இடத்தைத்தான் அடைத்துவிடப் போகிறது?