பைகுல்லா பாவு தாஜி லாட் அருங்காட்சியகம்: சிரிக்காத பொம்மைகள்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கேட்வே, மரைன் டிரைவ், சித்திவிநாயகர் என்று ஒரு சுற்று காட்டி ரயிலேற்றி விடுவது மும்பைத் தமிழர்களான நம் வழக்கம். அந்தப் பட்டியலில் பைகுல்லாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணி பாக் மிருகக்காட்சிசாலையை ஒட்டியே இருக்கிறது டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். பென்குவினைப் பார்க்க ஓடுகிற கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. நமக்கு அதுவும் நல்லதுதான்.

1872இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமாகத் திறந்தது. இதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான மருத்துவர் பாவு தாஜி லாடின் பெயரை 1975இல்தான் வைத்தார்கள். பிறகு பாழடைந்து கிடந்ததைப் பல வருடம் உழைத்துச் சீர்செய்து 2008இல் மறுபடி திறந்தார்கள். இரும்புத் தூண்களும் தங்கப் பூச்சும் கூரையும் கண்ணைப் பறிக்கும். கீழ்த்தளத்தில் வெள்ளி, தந்தம், பானை வேலைகள். நான் சீக்கிரம் நகர்ந்துவிட்டேன்.

மாடிக்குப் போனதும் கால் நின்றுவிட்டது. அன்றைய பம்பாய் மக்களைச் சின்னச் சின்னக் களிமண் உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மாட்டுங்காவில் வருடா வருடம் கொலு வைக்கும் என் அத்தையும் கூட வந்திருந்தார். பழைய பொம்மைகளுக்குத் தன் கையாலேயே வர்ணம் பூசுகிறவர். கண்ணாடிப் பெட்டியில் மூக்கு ஒட்டாத குறையாகக் குனிந்து, ஒவ்வொரு தலைப்பாகையின் மடிப்பையும் பார்த்தார். "வேலை சுத்தம்டா. ஆனா நம்ம செட்டியார் பொம்மை மாதிரி ஒருத்தராவது சிரிக்கிறாங்களா பாரு."

அத்தை சொன்னது சரி. கொலுப் பொம்மை நாம் ரசிக்கச் செய்தது. இவை இன்ன சாதி, இன்ன தொழில், இன்ன உடுப்பு என்று வெள்ளைக்காரர் வகை பிரித்துப் பதிவு செய்த காலத்துப் பொம்மைகள். யாருக்கும் பெயர் கிடையாது, அடையாளம் மட்டும்தான். இங்கே தெரிவது அன்றைய ஆட்சியாளர் கண்ணில் பட்ட பம்பாய். அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் சுவாரசியம்.

தவறவிடக் கூடாதது, பார்சிகள் இறந்தவர்களின் உடலைத் திறந்தவெளியில் வைக்கும் அமைதிக் கோபுரத்தின் மாதிரி. மலபார் ஹில்லில் இருக்கும் நிஜக் கோபுரத்துக்குள் நாம் போக முடியாது. வெளி வட்டத்தில் ஆண்கள், நடுவில் பெண்கள், உள்ளே குழந்தைகள், மையத்தில் கிணறு என்ற அமைப்பு இந்த மாதிரியைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

வெளியே நிற்கும் கருங்கல் யானையையும் பாருங்கள். எலிஃபெண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமே இதுதான். 1864இல் இங்கிலாந்துக்குக் கடத்தப் பார்த்து, தூக்கும்போது கிரேன் முறிந்து, யானை துண்டு துண்டானது. 1914இல் ஒட்டவைத்தார்கள். அத்தைக்கு அதில் ஏக சந்தோஷம்.

மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கலில் பைகுல்லாவில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தே போய்விடலாம். புதன்கிழமை விடுமுறை, மிருகக்காட்சிசாலைக்கும் அன்றுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் மியூசியம், அப்புறம் பென்குவின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் மாடிப்படி ஏற ஒருத்தரும் வரமாட்டார்கள்.