லாகரா, ஸ்ட்ரோங்கா, ஸ்டவுட்டா? திருகோணமலை வெயிலுக்கு ஓர் ஒப்பீடு

ஆடி மாதம், கச்சான் காற்று வீசுகிற நாட்களில், மத்தியானம் இரண்டு மணிக்கு உப்புவெளி மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்த நேரம் பியர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "லாகரா, ஸ்ட்ரோங்கா?" நிறையப் பேர் யோசிக்காமல் ஸ்ட்ரோங் என்பார்கள். கொடுக்கிற காசுக்கு வெறி ஏற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் வெயில், நாக்கு, தட்டில் இருக்கிற சாப்பாடு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை வேறு.

லாகர் என்பது குளிரில் நொதிக்கவைத்துச் செய்கிற பியர். முதலில் லைட் லாகரை எடுப்போம். "லைட்" என்ற சொல்லே ஆளுக்கு ஆள் மாறுகிறது. அவுஸ்திரேலியாவில் அது மதுசாரம் குறைந்த பியர். அமெரிக்காவில் கலோரி குறைந்த பியர். எங்கள் ஊரிலோ வெளிர் மஞ்சளாக இருக்கிற எதையும் லைட் என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்க வகையின் தொடக்கம் 1967. ஜோசப் ஓவேட்ஸ் என்ற இரசாயனவியலாளர் செய்த வேலை அது. சாதாரண பியரில் ஈஸ்டால் தின்ன முடியாத மாச்சத்து கொஞ்சம் மிஞ்சும். குடிக்கும்போது வாயில் ஒரு தடிப்புத் தெரிவது அதனால்தான். அவர் ஒரு நொதியத்தைச் சேர்த்து அந்த மிச்சத்தையும் சீனியாக உடைத்தார், ஈஸ்ட் அதையும் தின்று தீர்த்தது. 1975இல் மில்லர் லைட் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்து இந்த வகையை நிலைநிறுத்தியது. 355 மில்லிலீற்றர் டின்னில் 96 கலோரி, மதுசாரம் 4.2 சதவீதம். சாதாரண பட்வைசரில் அதே அளவுக்கு 145 கலோரி, 5 சதவீதம்.

ஆக, மிச்சம் பிடிப்பது 49 கலோரி. பக்கத்தில் இருக்கிற ஒரு இறால் வடைக்கே அது காணாது.

கனடாவில் இருக்கிற மச்சான் லீவில் வந்தபோது பெட்டிக்குள் இரண்டு லைட் லாகர் டின் கொண்டுவந்தார். பின்னேரம் விறாந்தையில் இரண்டு கிளாஸ் வைத்தோம். ஒன்றில் அது, மற்றதில் எங்கள் லயன் லாகர், 4.8 சதவீதம். நடுவில் ஒரு தட்டுக் கணவாய்ப் பொரியல், செத்தல் மிளகாய் தாராளமாக இடித்துப் போட்டது. கணவாயைத் தொடும் முன் லைட் லாகர்தான் எனக்குப் பிடித்தது. நல்ல குளிர், தொண்டையில் தங்காமல் இறங்கியது. கணவாய் இரண்டு துண்டு உள்ளே போனபிறகு கதை மாறியது. லைட் லாகர் நாக்கில் பட்டதும் காணாமல் போனது, உறைப்பு அப்படியே நின்றது. லயன் லாகரில் மோல்ட், அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி, தருகிற மெல்லிய இனிப்பு ஒன்று இருக்கிறது. அது உறைப்பின் மேல் படிந்து அதைக் கொஞ்சம் அடக்கியது. மச்சான் சொன்னார்: "இது தாகத்துக்கு நல்லம். உறைப்புக்குச் சரிவராது." லைட் லாகரில் கலோரி குறைப்பதற்காக எடுத்துப்போட்டது எதுவோ, எங்கள் சாப்பாட்டுக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். எண்ணெய் பட்ட உதடு கிளாஸில் தொட்ட இடத்தில் இருந்து நுரை உடைந்துகொண்டே போனது. பொரியலோடு குடிக்கிறபோது வாயை ஒருமுறை துடைத்துவிட்டுக் கிளாஸை எடுங்கள். நுரை நிற்கும்வரைதான் வாசமும் நிற்கும்.

அதற்காக லைட் லாகரை இலேசான வேலை என்று நினைக்கவேண்டாம். பியருக்குக் கசப்புத் தருகிற ஹொப்ஸ் பூவின் கசப்பும் அதில் பெரிதாக இல்லை, வறுத்த பார்லியின் மணமும் இல்லை. சின்னப் பிழை நடந்தாலும் ஒளிக்க இடமில்லை. லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 பாகை வரையான குளிரில் வேலை செய்வது, அதன்பிறகும் குளிரில் கிடத்தி ஆறவிட வேண்டும். ஜெர்மன் மொழியில் லாகர் என்றால் களஞ்சியம், சேமித்து வைக்கிற இடம். இலங்கையில் பியர் வடிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் தொடங்கியதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். இன்று கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவின் வெக்கையில் லாகர் செய்ய முடிகிறது என்றால் அது குளிரூட்டும் இயந்திரத்தின் தயவு.

இனி ஸ்ட்ரோங். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல், 8.8 சதவீதம் என்றால் சுத்த மதுசாரம் மட்டும் 55 மில்லிலீற்றர். கால் போத்தல் சாராயத்தில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதே அளவு லாகரில் 30தான். பொதுவாக இந்த வகையில் சீனியைக் கூட்டித்தான் மதுசாரத்தை ஏற்றுவார்கள், மோல்ட் அந்த அளவுக்கு ஏறாது. அதனால் சுவை கூடுவதில்லை, தொண்டைச் சூடுதான் கூடுகிறது. மிளகாய் உறைப்பை மதுசாரம் இன்னும் கிளறிவிடும். மத்தியான வெயிலில், வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிற நேரத்தில், அதுவும் கடலில் இறங்குகிற எண்ணத்தோடு இதைக் குடிப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஸ்டவுட் கதை வேறு. கறுப்பாக இருந்தால் கனம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். கின்னஸ் டிராஃப்ட் கறுப்புத்தான், ஆனால் மதுசாரம் 4.2 சதவீதம், 355 மில்லிலீற்றருக்கு 125 கலோரி. பட்வைசரைவிடக் குறைவு. நிறம் வருவது வறுத்த பார்லியில் இருந்து, கனம் வருவது மதுசாரத்திலும் மிஞ்சிய மாச்சத்திலும் இருந்து. எங்கள் லயன் ஸ்டவுட் உண்மையிலேயே கனம், 8.8 சதவீதம். ஸ்ட்ரோங்குக்கும் இதற்கும் எண் ஒன்றுதான். ஆனால் இங்கே அந்த மதுசாரத்தைத் தாங்க ஒரு உடம்பு இருக்கிறது: கோப்பி, கறுத்த சொக்கலேட், கடைசியில் கருகிய சீனி. இரவுக்கு, நண்டுக் கறிக்கு, ஒரு சின்னப் போத்தலை இரண்டு பேர் பங்குபோட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரே குறை, பார்களில் லாகர் வைக்கிற அதே பிரிட்ஜில் இதையும் வைத்து அதே குளிரில் ஊற்றித் தருகிறார்கள். அந்தக் குளிரில் வாசம் முழுக்க அடங்கிப்போகும். ஒரு பத்து நிமிடம் மேசையில் வைத்துவிட்டுத் திறவுங்கள், எங்கள் ஊர் வெக்கைக்கு அது போதும்.

ஹொப்ஸ் தூக்கலாகப் போட்ட ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதன் ஹொப்ஸ் கசப்பும் மிளகாயும் ஒன்றை ஒன்று தூண்டிவிடும், இரண்டு வாய்க்குமேல் நாக்கு களைத்துவிடுகிறது. கோதுமை பியர் கிடைத்தால் விடாதீர்கள். ஈஸ்ட்டே கொடுக்கிற வாழைப்பழ, கராம்பு வாசம் தேங்காய்ப்பால் விட்ட இறால் கறிக்கு அப்படிப் பொருந்தும்.

கள்ளை விட்டுவிட்டால் இந்த ஒப்பீடு முழுமையாகாது. விடிய இறக்கிய பனங்கள்ளு பனையோலைப் பிளாவில் இனிக்கும், பின்னேரம் ஆகும்போது புளித்துவிடும். முட்டிக்குள் அது பாட்டுக்கு நொதிப்பது, யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. ஒரே நாளுக்குள் இத்தனை முகம் காட்டும் பானம் வேறு இல்லை. தாகத்துக்கும் உறைப்புக்கும் ஒன்றாக ஈடுகொடுப்பதில் காலைக் கள்ளு லாகரையும் வெல்லும். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் காலைக் கள்ளு எங்கே கிடைக்கும்?

எந்த வகை வாங்கினாலும் போத்தலின் நிறத்தைப் பாருங்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு கடையில் வெளிநாட்டு லாகர், பச்சைப் போத்தலில், கண்ணாடி அலுமாரிக்குள் வெயில் படுகிற இடத்தில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கித் திறந்தால் இரப்பர் கருகியது போல ஒரு நாற்றம். வெளிச்சம் ஹொப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து கந்தகம் கலந்த ஒன்றாக மாற்றிவிடுகிறது. மண்ணிறப் போத்தல் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும், பச்சை அவ்வளவு தடுக்காது, நிறமில்லாத வெள்ளைப் போத்தல் தடுப்பதே இல்லை எனலாம். இலேசான லாகரில் அந்த நாற்றத்தை மறைக்க வேறு வாசமும் கிடையாது.

இப்போது கடைக்காரர் கேட்டால் என் பதில் இதுதான்: 4.8 லாகர், மண்ணிறப் போத்தல், பிரிட்ஜின் உள்பக்கம் இருப்பது. ஐஸ் வேண்டாம், கிளாஸ் மட்டும் சவர்க்காரம் போகக் கழுவித் தாருங்கள். லைட் லாகர் இருந்தால் அதுவும் ஒன்று, பாரை மீனை உப்பும் தேசிக்காயும் மட்டும் போட்டுச் சுட்டுத் தருகிற நாளுக்கு.