கும்பகோணத்தில் எனக்கு மனை முடித்துத் தந்த தரகர்

முதலில் பார்த்த தரகர், அட்வான்ஸைக் கொடுங்கள், பத்திரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றே அவசரப்படுத்தினார், விசாரித்தால் அது கோயில் நிலம். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்கள் ஏராளம், இதைச் சொல்லாத தரகரை நம்பவே நம்பாதீர்கள். இரண்டாவதாக வந்தவர் நான் கேட்பதற்கு முன்பே மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து, உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். அதோடு, ஐப்பசி மழையில் ஒருமுறை வந்து பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும் என்றாரே, அங்கேதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கமிஷன் 2 சதவீதம், பத்திரப்பதிவு முடிந்த பிறகுதான் வாங்கினார். போன் மட்டும் சாயங்காலம்தான் எடுப்பார்.